முதலில் இன்ஜின், பிறகு இறக்கை

ஆடி 4, திண்ணனூர் நாடு, கொல்லிமலை

விமானப் பாகங்களை ‘கிட்’ என்ற தொகுப்பாக வாங்கி வீட்டிலேயே கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வாலில் தொடங்குகிறார்கள். வால், பிறகு இறக்கை, பிறகு உடல் என்று பெட்டிகள் தவணையாக வருகின்றன. இன்ஜின் கடைசியில் நிற்கிறது. கையிருப்பு கரைந்த நேரத்தில்தான் அந்தக் கேள்வி எழுகிறது. அப்போது ‘எது வேண்டும்’ என்பது மறைந்து ‘எது கட்டுப்படியாகும்’ என்பது மட்டும் மிஞ்சுகிறது. இந்த வரிசையே தவறு என்பது என் கட்சி. இன்ஜினை முடிவுசெய்த பிறகே தகட்டில் முதல் துளை போட வேண்டும். கொல்லிமலை போன்ற உயரத்தை மனத்தில் வைத்துக் கட்டுகிறவருக்கு வேறு வழியே கிடையாது.

கணக்கைப் பார்ப்போம். இந்த மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து கிடக்கிறது. 1,200 என்று வைத்துக்கொள்வோம். விமானக் கணக்குகளுக்கு அடிப்படையான வளிமண்டல அட்டவணைப்படி அந்த உயரத்தில் வெப்பம் 7 டிகிரிதான் இருக்க வேண்டும். பகல் 30 டிகிரியைத் தொட்டுவிட்டால் காற்று விரிந்து மெலிந்து, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்துக் காற்றைப் போல ஆகிவிடுகிறது. 100 குதிரைத்திறன் என்று விற்கப்படும் சாதாரண இன்ஜின் அங்கே 80 தந்தாலே அதிகம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவரும் பழைய ஜீப் மேலே வரவரத் திணறுவதில் சரிவுக்கு மட்டுமல்ல, இந்த மெலிந்த காற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஜீப்புக்கு இழப்பு ஒன்றுதான், விமானத்துக்கு மூன்று. இன்ஜின் சுவாசிப்பதும், புரொப்பெல்லர் தள்ளுவதும், இறக்கை தாங்கி நிற்பதும் அதே காற்றில்தான். ஓடவேண்டிய தூரம் நீள்கிறது, மேலேறும் வேகம் குறைகிறது, எதிரே மலைமுகடு நிற்கிறது.

ஆடி 5

‘இன்ஜின் முதலில்’ என்பதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு வரலாற்றிலிருந்து வரும். ரைட் சகோதரர்கள் பல ஆண்டுகள் கிளைடரில் பழகி இறக்கையைத் தீர்த்துக்கொண்ட பிறகுதானே இன்ஜினைத் தேடினார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் 1903 விமானத்தைக் கட்டுவதற்கு முன்பே, குறைந்தது 8 குதிரைத்திறன் வேண்டும், எடை ஏறக்குறைய 90 கிலோவைத் தாண்டக்கூடாது என்று அவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். அந்த வரம்புக்குள் செய்துதர எந்தத் தொழிற்சாலையும் முன்வராதபோது, அவர்களுடைய மெக்கானிக் சார்லி டெய்லர் ஏறத்தாழ ஆறு வாரத்தில் 12 குதிரைத்திறன் இன்ஜினைச் செய்துகொடுத்தார். வரம்பு முதலில், பொருள் பிறகு.

நம் ஊரிலும் விமானம் கட்டுவது தாமதமாகத் தொடங்கவில்லை. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்த விமானம், அவரே வடிவமைக்க, சிம்சன் பட்டறையில் கட்டப்பட்டது. கோச்சு வண்டி செய்து பழகிய அந்தப் பட்டறைக் கைகளுக்கு மரச்சட்டமும் இழுத்துக்கட்டிய துணியும் அந்நியமல்ல. சட்டமும் துணியும் எந்த நல்ல தச்சரிடமும் கற்றுக்கொள்ளக்கூடியவை. இன்ஜின் அப்படிப்பட்ட பொருளல்ல.

ஆடி 8

இரண்டாவது மறுப்பு வலுவானது: கார் இன்ஜின் போதாதா? விலை மலிவு, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். அமெரிக்காவில் பெர்னார்டு பீட்டன்போல் 1920-களின் கடைசியில் ஃபோர்டு மாடல்-ஏ காரின் இன்ஜினை வைத்தே தன் விமானத்தைப் பறக்கவிட்டார். இன்றும் அந்த வரைபடத்தை வைத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபோக்ஸ்வேகனின் ‘வண்டு’ (பீட்டில்) காரின் இன்ஜினும் எத்தனையோ சிறு விமானங்களைத் தூக்கியிருக்கிறது. இதை மறுக்க முடியாது. ஆனால் அவை ஏன் பறந்தன என்று பார்க்க வேண்டும். மாடல்-ஏ மெதுவாகச் சுழல்வது, ஆகவே புரொப்பெல்லரை நேரடியாகப் பூட்ட முடிந்தது. வண்டின் இன்ஜின் காற்றாலேயே குளிர்வது. இன்றைய கார் இன்ஜின் வேகமாகச் சுழன்றால்தான் திறனைத் தரும். அதற்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே வேகம் குறைக்கும் கியர்பெட்டி வேண்டும், அந்தப் பெட்டிக்குள் எழும் முறுக்கதிர்வை அடக்க வேண்டும், ரேடியேட்டருக்கு இடம் தேட வேண்டும். சாலையில் கார் தன் திறனில் சிறு பங்கைத்தான் பெரும்பாலான நேரம் செலவிடுகிறது. விமானமோ முக்கால் பங்கை மணிக்கணக்காகக் கேட்கிறது. இன்ஜின் நின்றால் காரை ஓரம் கட்டலாம். இந்த மலையில் கீழே இருப்பவை காப்பித் தோட்டமும் மிளகுக் கொடி ஏறிய மரங்களும்.

இன்னொன்றும் உண்டு. மூக்கில் உட்காரும் கனமான ஒற்றைப் பொருள் இன்ஜின்தான். அதன் எடையில் பத்து கிலோ மாறினாலும் விமானத்தின் ஈர்ப்பு மையம் நகர்கிறது. தாங்குசட்டம், மூடி, பேட்டரி வைக்கும் இடம் எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும். கார் இன்ஜினில் மிச்சமான பணம் இந்தத் திருத்தங்களிலேயே போய்விடும். இன்ஜினை முதலில் முடிவு செய்தவருக்கு இந்தச் செலவே இல்லை.

ஆடி 9

விமானத்துக்கென்றே செய்யப்படும் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912 இன்ஜினைப் பரிந்துரைப்பவர்கள் உடனே சொல்வது, கார் பெட்ரோலில் ஓடும் என்பது. ஏறத்தாழ 60 கிலோவில் 100 குதிரைத்திறன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். ஒரு பற்றவைப்பு அமைப்பு செத்தாலும் மற்றது ஓட்டும். எல்லாம் நல்லதே. ஆனால் அந்த நிறுவனம் அனுமதிப்பது 10 சதவீத எத்தனால் வரைதான். இந்தியாவின் பெட்ரோல் பங்க்குகளில் 2025-இலிருந்து பொதுவாகக் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பர் குழாயையும் பிசின் பூசிய தொட்டியையும் பதம் பார்க்கும். ஆகவே மலையடிவாரப் பெட்ரோல் பங்க்கை நம்பி இன்ஜின் வாங்கக்கூடாது. விமானப் பெட்ரோலைத் தருவிக்க வேண்டும். 2022-இலிருந்து இந்தியன் ஆயில் அதை வடோதராவில் தயாரிக்கிறது. அதில் ஈயம் இருப்பதால் ரோட்டாக்ஸுக்கு எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளலாம்.

ஆடி 11

உயரத்துக்கு விடை டர்போ. காற்றை அழுத்தி ஊட்டுவதால் ரோட்டாக்ஸ் 915 தன் 141 குதிரைத்திறனை 4,500 மீட்டர் வரை விடாமல் வைத்திருக்கிறது. ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராட்சன், ஊரடங்குக் காலத்தில் இங்கிலாந்தில் கட்டி 2022-இல் பறக்கவிட்ட ஸ்லிங் விமானத்தில் இருப்பது இதுதான். அரசு ஆய்வகமும் இதே பாதையில் நடந்தது. பெங்களூரின் தேசிய விமானவியல் ஆய்வகம் 1993-இல் பறக்கவிட்ட ஹன்சா விமானத்தில் கான்டினென்டல் இன்ஜின் இருந்தது. அடுத்து ஹன்சா-3 டர்போ பொருத்திய ரோட்டாக்ஸ் 914-க்கு மாறியது. பெரிய நிறுவனத்தால் விமானத்தைத் திருத்தி மறுபடி பறக்கவைக்க முடிந்தது. கொட்டகையில் கட்டுகிறவருக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

டர்போ விலை அதிகம், பராமரிப்பும் அதிகம் என்பது நியாயமான மறுப்பே. சமவெளியில் பறப்பவருக்கு அது வீண் செலவு என்று நானும் சொல்வேன். மலைக்காரருக்கு மாற்று, டர்போ இல்லாத பெரிய லைக்கமிங் இன்ஜின். எளிமையானது, ஆனால் கனம். அதற்கேற்ற கிட்டையே வாங்க வேண்டிவரும் என்பதால் அதுவும் முதல் நாளே எடுக்கவேண்டிய முடிவுதான். கட்ட நினைப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று: வாலுக்கு முன்பணம் கட்டுமுன், நீங்கள் ஏறவிருக்கும் ஓடுபாதையின் உயரத்தையும் அங்கே சித்திரை மாத நண்பகல் வெப்பத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்த இரண்டு எண்களுக்குக் கீழே இன்ஜினின் பெயரை எழுதிவிட்டுப் பிறகு கிட் விற்பவரிடம் பேசுங்கள்.