சூடை உடைந்து வந்த கதை

"இது என்ன பாஷை?" தங்கச்சி எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

திரையில் இருந்தது தமிழ்தான். அதுவும் எங்கள் அம்மம்மா பேசி, நான் கேட்டு எழுதி வைத்த தமிழ். தங்கச்சி படிப்பது சிங்கள மொழிமூலம், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஆனாலும் அன்றைக்கு அவள்மேல் பிழை இல்லை. 'சூடை' என்ற மீன் பெயரில் ட-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் கொம்பு பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

இறுதி வருட ஆய்வுக்காகச் சிலாபம் களப்பிலும் மீன் சந்தையிலும் புழங்கும் சொற்களைச் சேர்க்கிறேன். மொத்தம் 43 கோப்புகள். ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேட, என் பழைய லப்டொப்பில் வேர்டைத் திறப்பதை விட டேர்மினலில் ஒரு வரி தட்டுவது சுலபம். கலைப்பீடத்துப் பிள்ளைக்கு இது என்னத்துக்கு என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சிக்கல் எங்கே என்றால், டேர்மினல் என்பது ஒரு கட்டத் தாள். 1978இல் வந்த விடி100 என்ற கருவியில் 24 வரி, வரிக்கு 80 கட்டம். இன்றைய மென்பொருள்களும் அதைத்தான் நடிக்கின்றன. ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்து, ஒரு கட்டம். 'மீன்' நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு குறியீடு. அவற்றைச் சேர்த்து ஒரே உருவமாக வரையத் தெரியாத டேர்மினலில் எல்லாம் சிதறிவிடும்.

வேகமானது என்று எல்லோரும் புகழ்ந்த ஒன்றைத்தான் முதலில் போட்டேன். நிறம், பின்னணி எல்லாம் மாற்றி ஒரு இரவு போனது. அழகான திரையில் உடைந்த தமிழ்! பிறகு கிட்டியைப் பார்த்தேன். கெலிபர் மின்னூல் மென்பொருளைச் செய்த கோவிட் கோயலே இதையும் செய்தவர். எழுத்து உருவங்களைச் சேர்க்க ஹார்ப்பஸ் என்ற நிரலைப் பயன்படுத்துகிறது, குரோமும் அதைத்தான் பயன்படுத்துகிறது. கடைசியில் நான் தங்கியது எம்எல்டேர்மில். பார்க்கப் பழசு. ஆனால் பல மொழிகளுக்கென்றே எழுதப்பட்டது. அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் எழுத்து தன் அகலத்துக்கு இடம் எடுத்துக்கொள்ளும். ணை, ஔ எல்லாம் நெரிபடாது. பதிலுக்கு, அட்டவணை போட்டால் கோடு நேராக நிற்காது. எனக்கு அது பரவாயில்லை.

இதில் ஒன்று எதிர்பார்க்காதது. 'கொடுவா' என்று தேடினேன், 6 இடம் வந்தது. அம்மம்மா அதைவிட அதிகம் சொன்னது ஞாபகம். ஒரு கோப்பைத் திறந்தால் சொல் கண்முன்னே இருக்கிறது, தேடல் மட்டும் இல்லை என்கிறது. பழைய, உடைக்கிற டேர்மினலில் அதே கோப்பைப் போட்டபோதுதான் பிடிபட்டது. 'கொ'வின் ஒகரத்தை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் வைக்கலாம். வேறு வேறு இடத்தில் தட்டியதால் இரண்டும் கலந்திருக்கின்றன. நல்ல டேர்மினல் இரண்டையும் ஒரே மாதிரி காட்டி மறைத்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றித் தேடினேன்: 11. ஐந்து இடத்தில் அம்மம்மா சொன்னது என் ஆய்வில் இல்லாமலே போயிருக்கும். அந்தப் பழையதை இன்னும் அழிக்கவில்லை.

எழுத்தளவைப் பெரிதாக்கிவிட்டுத் தங்கச்சியைத் திரும்பக் கூப்பிட்டேன். விரலை வைத்து வாசித்தாள். "சூ... டை..." கொஞ்சம் யோசித்தாள்.

"ஆ, சூடயா! நாங்களும் அதத்தானே சொல்றோம்."

சிங்களத்தில் அந்த மீனுக்கு அதுதான் பேர். அடுத்த வரியில் சாளை இருந்தது. அதையும் அவளே வாசித்தாள்.