கிளாட்ஸ்டன் பெருமகனும் ஐரிஷ் தன்னாட்சியும்

தலைவன் என்பான் மக்களுக்கு முன்னே நடப்பவன் என்பர். பின்னே வருவோர் உடன் வருகின்றனரா என்று திரும்பிப் பார்த்தலும் அவன் கடனன்றோ? ஐர்லாந்தின் தன்னாட்சி வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய நாள்முதல் இவ்வினா என்னுள்ளத்தை விட்டு நீங்கவில்லை. சிறு தொகையினராய் வாழும் ஒரு சமயத்தாரிடைப் பிறந்தவன் யான். ஆதலின் அவ்வரலாற்றில் இரு திறத்தார் குரலும் என் செவியில் ஒருங்கே விழுகின்றன.

1801-ஆம் ஆண்டு முதல் ஐர்லாந்து தனக்கெனப் பார்லிமெண்டு இன்றிப் பிரிட்டனோடு இணைந்திருந்தது. 1868-இல் முதன்முறை பிரதம மந்திரியான கிளாட்ஸ்டன், ஆங்கிலத் திருச்சபையில் ஆழ்ந்த பற்றுடையவர். எனினும், கத்தோலிக்கர் பெரும்பாலாராய் வாழும் நாட்டில் சிறுபாலாரின் திருச்சபை அரசாங்கத் திருச்சபையாக விளங்குதல் முறையன்றெனத் துணிந்து, 1869-இல் அதனை அரசினின்று பிரிக்கும் சட்டத்தை நிறைவேற்றினார். தம்மவர்க்குரிய சலுகையைத் தாமே நீக்குதல் எளிதோ? யான் அவரைப் போற்றுதற்கு இதுவே முதற்காரணம்.

1885-ஆம் ஆண்டுத் தேர்தலில் பார்னலின் கட்சியினர் 86 இடங்களைப் பெற்றனர். ஐர்லாந்து வேண்டுவது யாதென்பதில் ஐயம் ஒழிந்தது. 1886 ஏப்ரல் 8-ஆம் நாள், தம் எழுபத்தாறாம் வயதில், கிளாட்ஸ்டன் தன்னாட்சி மசோதாவைக் காமன்ஸ் சபையிற் கொணர்ந்தார். ஜூன் மாதத்தில் அது 30 வாக்குகளால் வீழ்ந்தது. அவருடைய லிபரல் கட்சியினருள்ளேயே 93 பேர் எதிர்த்து வாக்களித்தனர். சேம்பர்லேனும் ஹார்ட்டிங்டனும் அவரை விட்டு விலகினர், கட்சி பிளந்தது.

நிற்க, அவர்பாற் குறையே இல்லையோ எனின், உண்டு. அவர் தன்னாட்சிக்கு இணங்கிய செய்தியைச் சகாக்கள் பலர் அவர் வாயிலாகக் கேட்டிலர். 1885 டிசம்பரில், அவர் மைந்தர் ஹெர்பர்ட் வெளிப்படுத்தியபடி பத்திரிகைகளிற் படித்தே அறிந்தனர். அன்றியும், அல்ஸ்டர் நாட்டுப் புராட்டஸ்டண்டாரின் அச்சத்தை அவர் போதிய அளவு எண்ணிப் பார்த்தாரல்லர். பெரும்பாலார் கேட்பது நீதியே, ஆயினும், “நாளை எங்கள் கதி யாது?” என்று சிறுபாலார் வினவுதல் குற்றமாகுமோ? இவ்வினாவின் நடுக்கம் எனக்குத் தெரியும். அதே வேளையில், 1886 பிப்ரவரியில் பெல்பாஸ்டிற்குச் சென்று அவ்வச்சத்தை மூட்டி வளர்த்த ராண்டால்ப் சர்ச்சில் பிரபுவை யான் மன்னிக்க மாட்டேன். அஞ்சுவோர் வேறு, பிறர் அச்சத்தை ஏணியாக்கி ஏறுவோர் வேறு.

1893-இல் காமன்ஸ் சபை ஏற்ற இரண்டாம் மசோதாவைப் பிரபுக்கள் சபை 41-க்கு 419 வாக்குகளால் தள்ளியது. மறு ஆண்டு கிளாட்ஸ்டன் பதவி துறந்தார். 1914-இல் சட்டமான மூன்றாம் மசோதா பெரும் போரினால் நிறுத்திவைக்கப்பட்டது. 1916-இல் டப்ளின் வீதிகளிற் குருதி சிந்திற்று. 1920-ஆம் ஆண்டுச் சட்டம் தீவை இரண்டாக்கிற்று. வட ஐர்லாந்தில் இரு திறத்தாரும் ஆட்சியைப் பகிர்ந்துகொள்ளும் உடன்பாடு 1998-இல் பிறந்தது. 1886-இல் ஒரு மேசையைச் சுற்றியிருந்து பேசியிருக்கத்தக்கதை, எத்துணைக் கல்லறைகளுக்குப் பின்னர்ப் பேசினர்!

ஆயினும், தோல்வி வருமென்று அஞ்சி நீதியை ஒளித்துவைத்திருந்த தலைவரினும், அதனைச் சபை நடுவே வைத்துத் தோற்ற அம்முதியவரே எனக்குப் பெரியர். அவருடைய துணிவோடு, அஞ்சுவோர் வாயிலிற் சென்று அமர்ந்து கேட்கும் பொறுமையும் ஒருவனிடம் சேருமாயின், அவனைத் தலைவன் என்றழைக்க யான் தயங்கேன்.