போட்டோவில் தெரியாத சேவல்

ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் தலை வந்தது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் 2020-இல் அதைத் தனி இனமாகப் பதிவும் செய்துவிட்டது. அதே வாசலில், அந்த நாய்க்குப் பக்கத்திலேயே குப்பையைக் கிளறும் கோழிக்கு இன்னும் ஒரே பெயர்தான்: நாட்டுக்கோழி. அசில் என்ற சண்டைக்கோழி இனம் அந்தப் பணியகத்தின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அதன் தாயகம் என்று எழுதியிருப்பது ஆந்திரம், ஒடிசா, சத்தீஸ்கர். பாட்டன் காலத்திலிருந்து சண்டைச்சேவல் வளர்த்த தெற்கத்திக் கோழிக்காரர்களுக்கு இது ஆறாத வருத்தம்.

அதைவிடப் பெரிய வருத்தம் செல்போனில் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் கோழி வாங்க வரும் இளவட்டங்கள் தூர நின்று ஒரு போட்டோ எடுக்கிறார்கள். ‘அண்ணாச்சி, இது என்ன இனம்?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். பதிலும் நொடியில் வந்துவிடுகிறது. கறுப்பாக இருந்தால் கடக்நாத், உயரமாக இருந்தால் பெருவிடை, மற்றதெல்லாம் சிறுவிடை. செவலை, கீரி, காகம், மயில், பொறி எல்லாம் இறகின் நிறத்துக்கு வைத்த பெயர்கள். ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளிலேயே மூன்று நிறம் கிடக்கும். நிறத்தைக் காட்டி இனம் என்று விற்பவருக்கு இது தெரியாமல் இல்லை.

பழைய கோழிக்காரர் பறவையை முதலில் கையில் வாங்குவார். நெஞ்செலும்பைத் தடவுவார், காலைத் திருப்பிச் செதிலைப் பார்ப்பார், பிறகுதான் பூ எனப்படும் கொண்டைக்கு வருவார். அசிலுக்குப் பூ தலையோடு ஒட்டிக் கிடக்கும். மூன்று வரியாகச் சிறு மேடு தட்டும். கத்திப்பூ என்றால் பல் பல்லாக நிமிர்ந்து நிற்கும். ஒட்டிய பூவைக் கண்டதும் சுத்த அசில் என்று பணத்தை எண்ணுகிறவர் ஏமாறுவார். தாய் தகப்பனில் ஒன்றிடம் இருந்தாலே அந்தப் பூ குஞ்சுக்கு இறங்கிவிடும். கோழிக் கொண்டையின் வடிவம் மெண்டலின் விதிப்படிதான் இறங்குகிறது என்று பேட்சன் என்ற ஆங்கிலேயர் 1902-இலேயே காட்டிவிட்டார். ஒட்டிய பூச் சேவலையும் ஒட்டிய பூப் பெட்டையையும் சேர்த்து, அடையில் ஒரே ஒரு குஞ்சு கத்திப்பூவோடு வந்தாலும் இரண்டு பக்கத்திலும் கலப்பு இருக்கிறது. அதனால்தான் விவரமான ஆள் குஞ்சைப் பார்த்துவிட்டுத் தகப்பனுக்கு விலை சொல்வார்.

கால் நிறத்துக்கு இன்னும் பெரிய கதை. மஞ்சள் காலைக் கண்டாலே சீமைக் கலப்பு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்து கலந்தது என்று ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 2008-இல் கண்டறிந்தார்கள். சாம்பல் காட்டுக்கோழி எங்கோ இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, 2021 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் மலைக்காட்டில் கூவிக்கொண்டிருக்கிறது. சீமைக்கோழியின் மஞ்சள் காலே அந்தக் காட்டுக்கோழி கொடுத்த சீர்தான்!

கழுத்தில் இறகில்லாத கிராப்புக்கோழியில் கலப்புப் பார்ப்பது சுலபம். முன்கழுத்தில் ஒரு கொத்து இறகு நின்றால் தாய் வழியிலோ தகப்பன் வழியிலோ ஒன்றுதான் கிராப்பு. கடக்நாத்தில்தான் மோசடி அதிகம். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் அந்தக் கருங்கோழிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் விலை ஏறியது. கடக்நாத் சேவலை ஊர்ப் பெட்டையோடு விட்டாலும் சில குஞ்சுகள் கறுத்துத்தான் பிறக்கும்.

இனம் பார்ப்பது பாதி வேலை. மீதி வேலை சேவலைக் கட்டிக்காப்பது. கோழி வளர்ப்பவர் யார், வாங்கி விற்பவர் யார் என்பது அங்கேதான் தெரியும்.

எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். தொல்லை இரண்டாவது சேவலில் தொடங்குகிறது. கழுத்திலும் முதுகடியிலும் இறகு கூராக இறங்கும்போதே ஆண் என்று தெரிந்துவிடும்; ஆனாலும் ‘சின்னதுதானே’ என்று விட்டுவிடுவார்கள். தகப்பன் அடக்கி வைத்திருக்கும் வரை அது ஓரமாய்த் திரியும். காலில் முள் முளைத்ததும் ஒருநாள் எதிர்த்து நிற்கும். ரத்தம் பார்த்ததும் வீட்டுக்காரர் பதறி, தோற்றதைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, பத்து நாள் கழித்து அவிழ்த்துவிடுவார். அதுதான் தப்பு. இத்தனை நாள் காணாத சேவல் திரும்பி வந்தால் அது புது ஆள். சண்டை முதலிலிருந்து தொடங்கும். இரண்டையும் வைத்தே ஆகவேண்டுமென்றால் தனிக் கூண்டு, தனிப் பெட்டைகள், ஒன்றின் கண்ணில் மற்றது படாத மறைப்பு வேண்டும். முடியாதவர் முள் முளைக்கும் முன்பே ஒன்றை அனுப்பிவிட வேண்டும். பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தால் அந்த வீட்டில் சேவல் அதிகம் என்று கேட்காமலே சொல்லிவிடலாம்.

எது தலைமைச் சேவல் என்று அறிய விடிகாலையில் காது கொடுத்தால் போதும். முதலில் கூவுவது தலைமைச் சேவல். மற்றவை தத்தம் படிநிலைப்படி அதற்குப் பிறகு கூவும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் இதைச் சோதித்து எழுதினார்கள்.

எதை வைத்துக்கொள்வது? கறையான் புற்றை உடைத்துக் கொட்டினால் நல்ல சேவல் உடனே விழுங்காது. அலகால் எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும், தொண்டைக்குள்ளேயே அடுக்கடுக்காய்க் குரல் கொடுக்கும்; பெட்டைகள் ஓடி வரும். மேலே பருந்து வந்தால் ஒரு குரல், தரையில் கீரிப்பிள்ளை வந்தால் வேறு குரல். முன்னதற்குப் பெட்டைகள் பதுங்கும், பின்னதற்குக் கழுத்தை நீட்டிப் பார்க்கும். எந்தப் போட்டோவில் இதைப் பார்ப்பது?

வெளியூர்ச் சேவல் வாங்கினால் மூன்று வாரம் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூட்டமே போகும். பழைய சேவலை விலக்கிய பிறகும் அதன் வித்து பெட்டையின் வயிற்றில் இரண்டு மூன்று வாரம் தங்கும். அதற்குள் இட்ட முட்டையை அடைவைத்துவிட்டுப் புதுச் சேவலின் குஞ்சு என்று விற்பது அறியாமை, தெரிந்தே செய்தால் பித்தலாட்டம்.

தீபாவளிக்கு வரும் வியாபாரி முதலில் கேட்பது எடை கூடிய சேவலைத்தான். கோயிலுக்கு நேர்ந்துவிடுவதும் அதைத்தான். மிச்சம் நிற்கும் நோஞ்சான் அடுத்த வருசக் குஞ்சுகளுக்கெல்லாம் தகப்பனாகிறது. அதன் பிறகு இனம் கெட்டுவிட்டது என்று புலம்பி, கவர்ச்சியான பெயர் சொல்லும் குஞ்சை வண்டிக்காரரிடம் வாங்குகிறார்கள். இந்த வருசமாவது வியாபாரி வருவதற்கு முன்னால், கூட்டத்தில் நல்ல சேவலின் காலில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். அது விலைக்கு இல்லை என்று வீட்டிலும் சொல்லி வையுங்கள்.