கிணற்றின் வாயில்

கிணற்றைக் கண்டால் எட்டிப் பார்க்காமல் நகர்ந்துவிடுகிற கிராமத்தான் எவனும் இல்லை. நானும் கிராமத்தில் பிறந்தவன்தான். அங்கி அணிந்து இருபத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னரும் அந்தப் பழக்கம் என்னை விட்டு நீங்கவில்லை. என் குருத்துவ வெள்ளிவிழா ஆண்டில், கடல் கடந்த ஒரு நாட்டிலே, ஒரே நாளில் இரண்டு கிணறுகளை எட்டிப் பார்க்க நேர்ந்தது. அன்று கண்டதைக் குடும்ப அன்பர்களாகிய உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக என் மனத்தை உறுத்துகிறது.

குருமடத்தில் என்னோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்த நண்பர் ஒருவர், துறவற சபை ஒன்றில் சேர்ந்து மெக்சிகோ நாட்டின் யூக்காத்தான் மாநிலத்தில் பணிபுரிந்து வருகிறார். அவருடைய அழைப்பின் பேரில் அங்கே சென்றிருந்தேன். ஒருநாள் விடியற்காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு, தலைநகரான மெரிதாவிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டோம். வண்டியை ஓட்டியவர் நண்பரின் பங்கைச் சேர்ந்த முதியவர்; மாயா இனத்தவர். பள்ளி விடுமுறையாதலால் பத்து வயதுப் பேரனையும் உடன் அழைத்து வந்திருந்தார்.

வழி நெடுகிலும் ஓர் ஆறோ ஓடையோ கண்ணில் படவில்லை. காரணம் கேட்டேன். அந்தச் சமவெளி முழுவதும் சுண்ணாம்புப் பாறையாம். பெய்கிற மழைநீர் பாறையின் துளைகள் வழியே இறங்கி, நிலத்துக்கு அடியிலேயே ஓடிவிடுகிறது. நீர் குடைந்த குகையின் கூரை எங்கே இடிந்து விழுகிறதோ, அங்கே வட்டமான பெருங்கிணறு ஒன்று வாய் திறக்கிறது. மனிதர் எவரும் வெட்டாத அக்கிணறுகளைச் ‘செனோட்டே’ என்கிறார்கள். ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அந்நிலப்பகுதியில் பெரும் விண்கல் ஒன்று வந்து மோதிற்று. அது தோண்டிய பள்ளம் இன்று மண்மூடிக் கிடந்தாலும், அதன் விளிம்பை ஒட்டிச் செனோட்டேக்கள் வளையம்போல் அமைந்திருக்கின்றன. ஆறில்லாத நாட்டில் ஊர்களெல்லாம் இக்கிணறுகளை நம்பியே எழுந்தன.

வழியில் இசமால் என்னும் சிற்றூரில் நின்றோம். ஊர் முழுவதும் மஞ்சள் வண்ணம் பூசப்பட்டிருக்கிறது. நடுவே, பழைய மாயா பிரமிடு ஒன்றை இடித்து, அதன் அடித்தளத்தின் மீதே பிரான்சிஸ்கன் துறவியர் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மடமும் கோயிலும் நிற்கின்றன. 1993-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இவ்விடத்துக்கு வந்து, அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்களைச் சந்தித்தார். அன்னையின் திருச்சுரூபத்தின் முன் செபித்துவிட்டு வெளியே வந்தபோது, ஒரு துறவியின் சிலையைக் கண்டேன்.

“இவர்தான் தியேகோ தே லாந்தா. நம்மைப் போல ஒரு குரு” என்றார் நண்பர்.

லாந்தா 1549-ஆம் ஆண்டு யூக்காத்தான் வந்தவர். மாயா மொழியை நன்கு கற்று, அம்மொழியிலேயே மறையுரை ஆற்றியவர். ஞானஸ்நானம் பெற்ற மக்களுள் சிலர் மறைவில் பழைய சிலைகளை வணங்குவதாகவும், நரபலி கூட நடப்பதாகவும் செய்தி வந்தபோது அவர் கொதித்தெழுந்தார். மக்களைப் பிடித்து வதைத்து விசாரித்தனர். பலர் இறந்தனர். 1562-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள், மானி என்னும் ஊரில், சிலைகளோடு மாயா நூல்களையும் குவித்துத் தீயிட்டார். மரப்பட்டைத் தாளில் சித்திர எழுத்துக்களால் எழுதி, விசிறிபோல் மடித்து வைத்த நூல்கள் அவை. அந்த நூல்கள் எரிந்ததைக் கண்டு மக்கள் வியக்கத்தக்க அளவு வருந்தினார்கள் என்று லாந்தாவே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். இன்று உலகில் எஞ்சியுள்ள பழைய மாயா நூல்கள் நான்கே நான்கு.

சிலையை நிமிர்ந்து பார்த்தேன். அப்போது என் உள்ளத்தில் பெரிய சலனம் எதுவும் இல்லை. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்று வண்டியில் ஏறி அமர்ந்துவிட்டேன்.

முற்பகலில் சிச்சேன் இட்சா வந்தடைந்தோம். ‘இட்சா மக்களுடைய கிணற்றின் வாய்’ என்பது அப்பெயரின் பொருள். இங்கே வானளாவ நிற்கிறது குக்குல்கான் பிரமிடு. உச்சியிலுள்ள கோயிலையும் சேர்த்து ஏறத்தாழ 30 மீட்டர் உயரம். நான்கு பக்கங்களிலும் பக்கத்துக்கு 91 படிகள். உச்சித்தளத்தை ஒரு படியாகக் கொண்டால் மொத்தம் 365. ஆண்டின் நாள்களைக் கல்லிலே எண்ணி வைத்த கணக்கு அது! பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாள்களில், மாலைச் சூரியனின் நிழல் வடக்குப் படிக்கட்டின் ஓரமாக ஒரு பாம்பு இறங்கி வருவது போன்ற தோற்றம் தருகிறது. படியின் அடியில் கல்லில் செதுக்கிய பாம்பின் தலை காத்திருக்கிறது. முன்னர் பயணிகள் உச்சி வரை ஏறினார்கள். இப்பொழுது அதற்கு அனுமதி இல்லை.

பிரமிடிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் தூரம் மரநிழலில் நடந்தால் ‘புனிதச் செனோட்டே’ வருகிறது. ஏறக்குறைய 60 மீட்டர் அகலமுள்ள வட்டம். செங்குத்தான பாறைச் சுவர். வெகு ஆழத்தில் பாசி படர்ந்த பச்சை நீர், அசையாமல் கிடக்கிறது. மழை பொய்த்த காலங்களில் மழைத் தெய்வத்துக்கென்று மனிதரை இதற்குள் எறிந்தார்கள். 1904-ஆம் ஆண்டு முதல் எட்வர்ட் தாம்ஸன் என்னும் அமெரிக்கர் இதன் சேற்றை வாரியெடுத்தபோது, பொன்னும் பச்சைக்கல்லும் மனித எலும்புகளும் சேர்ந்து வந்தன. இதன் அருகிலேயே ஒரு நிலவறையில், 1967-இல் நூற்றுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. பெரும்பாலோர் சிறுபிள்ளைகள். அவர்களுள் 64 பேரின் மரபணுவை ஆராய்ந்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். அனைவருமே ஆண்பிள்ளைகள். இரண்டு ஜோடி இரட்டையரும் அவர்களுள் இருந்தார்கள்.

கிணற்றின் விளிம்பில் நின்றிருந்தபோது, ஓட்டுநரின் பேரன் என் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தான். என்னையறியாமல் அவன் தோளைப் பற்றிக்கொண்டேன். கோபம் பொங்கிற்று.

“இதைப் பார்த்த பிறகு, அந்த லாந்தா செய்ததைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லையப்பா” என்றேன்.

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், “பிள்ளைகளைக் கொன்றது கொடுமைதான். ஆனால் மானியில் எரிந்த ஏடுகள் எந்தப் பிள்ளையையும் கொல்லவில்லையே. அவற்றில் என்ன இருந்தது என்று எரித்தவர் படித்துப் பார்த்தாரா? தப்பிப் பிழைத்த நூல் ஒன்றில் வெள்ளிக் கோளின் போக்கைக் கணித்த அட்டவணை இருக்கிறது. மானியில் தீ எரிந்த இருபதாவது ஆண்டில்தான், 1582-இல், நம் திருச்சபை தன் நாள்காட்டியைத் திருத்திக்கொண்டது. பத்து நாள்களைத் தள்ள வேண்டியிருந்தது, நினைவிருக்கிறதா?” என்றார்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

பிற்பகலில், அங்கிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இக் கில் என்னும் செனோட்டேவுக்குச் சென்றோம். இது நீராடும் கிணறு. முதலில் மேலே குழாய்நீரில் உடலைக் கழுவ வேண்டும். எண்ணெயும் பூச்சும் நீரில் கலக்கக் கூடாதாம். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பாறையில் குடைந்த படிகள் வழியே இறங்கினோம். தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 26 மீட்டர் கீழே நீர். அண்ணாந்து பார்த்தால் வட்டமாக ஒரு துண்டு வானம். மேலிருந்து மரவேர்களும் கொடிகளும் நீர்வரை தொங்குகின்றன. கரிய சிறு மீன்கள் காலடியில் வளைய வருகின்றன.

பேரன் தாவிக் குதித்தான். ‘வாருங்கள்’ என்று கையசைத்தான். கமலைக் கிணற்று மேட்டிலிருந்து குதித்து அப்பாவிடம் அடி வாங்கிய பிள்ளைப் பருவம் என் நினைவுக்கு வந்தது. நானும் இறங்கிவிட்டேன். நீரின் குளிர்ச்சி நெஞ்சுவரை ஏறிற்று. பையன் என் அருகில் நீந்தி வந்து, உள்ளங்கையில் நீரை அள்ளிக் காட்டி, “ஹா” என்றான். மாயா மொழியில் தண்ணீர் என்று பொருள். நான் திருப்பிச் சொன்னேன். சரியாக வரவில்லை போலும். சிரித்துவிட்டு மீண்டும் சொல்லிக் கொடுத்தான். படியில் அமர்ந்திருந்த பாட்டனார் மகிழ்ச்சியோடு தலையசைத்தார். இன்றும் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அம்மொழியைப் பேசுகிறார்கள்.

காலையில் கண்டதும் கிணறுதான், இதுவும் கிணறுதான். ஒன்றில் அன்று பிள்ளைகளை எறிந்தார்கள். மற்றொன்றில் அதே இனத்துப் பிள்ளை எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தான். மல்லாந்து மிதந்தபடி அந்த வட்ட வானத்தைப் பார்த்திருந்தபோது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் மறந்திருந்த ஒரு முகம் என் கண்முன் வந்து நின்றது.

குருவாகிய இரண்டாம் ஆண்டில் ஒரு கிராமப் பங்குக்கு அனுப்பப்பட்டேன். அவ்வூரில் திருவிழாவை ஒட்டி, புனிதர் ஒருவரின் வரலாற்றை மூன்று இரவுகள் ஆடிப் பாடும் வாசாப்பு நாடகம் நடப்பதுண்டு. ஓராண்டு, ஆட்டத்தின் இடையே குடித்துவிட்டு வந்த இளைஞர்கள் மோதிக்கொண்டு, ஒருவனுக்கு மண்டை உடைந்தது. ‘இனி வாசாப்பே கூடாது’ என்று பூசையில் அறிவித்தேன். அதோடு விட்டிருக்கலாம். மறு ஆண்டு கோயிலுக்கு வெள்ளையடித்தபோது, பின்னறையில் ஒரு மரப்பெட்டி நிறைய வாசாப்பு ஏடுகளும் கையெழுத்து நோட்டுகளும் இருப்பதைக் கண்டேன். ஓரங்களைக் கறையான் அரித்திருந்தது. குப்பையோடு சேர்த்துக் கொளுத்தச் சொன்னேன். ஓர் ஏட்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

அண்ணாவியார் செய்தி கேட்டு வந்தபோது சாம்பல்தான் இருந்தது. துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். “சாமி, அதுல எங்க பாட்டனார் கையெழுத்து இருந்துச்சு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. என்னைக் குறைகூடச் சொல்லவில்லை. நான் அவருக்கு ஒரு புதிய செபப்புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினேன்!

குடித்துச் சண்டையிட்டது தவறுதான். அதைக் கண்டித்ததும் என் கடமைதான். ஆனால் எரிந்த ஏடுகள் எவன் மண்டையையும் உடைக்கவில்லை. நண்பர் காலையில் லாந்தாவைப் பற்றிக் கேட்ட கேள்வி, மாலையில் அந்தக் கிணற்றுக்குள் என்னிடம் திரும்பி வந்தது.

மெரிதாவுக்குத் திரும்பும் வழியில் நண்பரிடம் அனைத்தையும் சொன்னேன், பாவசங்கீர்த்தனமாகவே சொன்னேன். அவர் பாவமன்னிப்பு அளித்தபின், லாந்தாவின் கதையில் மீதி ஒன்று உண்டு என்றார். புதிதாக வந்த ஆயர் லாந்தாவின் செயலை ஏற்கவில்லை. லாந்தா ஸ்பெயினுக்குச் சென்று விசாரணைக்கு உட்பட வேண்டியதாயிற்று. அக்காலத்தில் மாயா மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அதில் அவர்களுடைய எழுத்துக்கள் சிலவற்றுக்கு ஒலி குறித்து வைத்தார். பிற்பாடு அவரே யூக்காத்தானின் ஆயராகி, 1579-இல் மறைந்தார். அந்நூலின் பிரதி ஒன்றை 1862-இல் கண்டெடுத்தவரும் ஒரு குருதான். அதிலிருந்த எழுத்துக் குறிப்பைத் துணைகொண்டே, 1952-இல் ரஷ்ய அறிஞர் யூரி குனோரசவ், மாயா எழுத்துக்களைப் படிக்கும் வழியைக் கண்டார். எரித்தவர் எழுதி வைத்த குறிப்பே எஞ்சியவற்றைப் படிக்க உதவிற்று. எரிந்தவை எரிந்தவையே, அவை திரும்பி வரவில்லை.

ஓட்டுநரிடம் விடைபெறும்போது, “தியோஸ் போஓத்திக்” என்று அவர் பேரன் கற்றுக்கொடுத்தபடி நன்றி சொன்னேன். ‘கடவுள் உமக்குக் கைம்மாறு செய்வாராக’ என்பதே அவர்கள் நன்றி சொல்லும் முறையாம்.

ஊர் திரும்பிய மாதமே அந்தப் பழைய பங்குக்குச் சென்றேன். அண்ணாவியார் இறைவனடி சேர்ந்து பதினான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி வைத்து, அவருடைய மகளின் வீட்டுக்குப் போனேன். எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மாளிடம் நான் வந்த காரணத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு சாமி இப்போ” என்று முதலில் அவர் பதறிப்போனார். பிறகு, திண்ணையில் அமர்ந்து, கண்களை மூடிக்கொண்டு, தம் தகப்பனார் பாடிய முதல் விருத்தத்தைப் பாடத் தொடங்கினார். பங்கின் இளைஞர் இருவர் அதை எழுதிக்கொண்டார்கள்.

மூன்று இரவுப் பாட்டில் ஏறத்தாழ ஓர் இரவுப் பாட்டு அவர் நினைவில் இருக்கிறது. மீதி என் கணக்கில் நிற்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலோ, கோயிலின் பின்னறையிலோ, படிக்கத் தெரியாத பழைய ஏடு ஏதேனும் இருந்தால், தயவுசெய்து பிரித்துப் பாருங்கள். உங்களுக்குப் புரியாவிடில், புரிந்தவர் வரும்வரை வைத்திருங்கள்.