பல்லும் பாறையும்

தர்மபுரி மாவட்டத்தில் எங்கே தோண்டினாலும் சுறாவின் பல் கிடைக்காது. தேடித் தோற்றவனின் கசப்பில் இதைச் சொல்லவில்லை. பாறையின் வயசு அப்படி. எங்கள் கற்கள் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் அடி ஆழத்தில் வெந்து இறுகியவை. அப்போது கடலில் மீன் இல்லை. பல் என்ற ஒன்று எந்த உயிருக்கும் இல்லை. சுறா இனத்தின் பழைய தடயங்களே 40 கோடி ஆண்டுகளை ஒட்டித்தான் தெளிவாகத் தென்படுகின்றன. பின்னால் வந்த கடல்கள் எதுவும் இந்த மேட்டில் தன் வண்டலை விட்டுப் போகவில்லை. நம்மைக் கல்லுக்கும் மூத்தவர்களாக ஆக்கிவிடும் மேடைப் பேச்சாளர்கள் ஒரு முறை பென்னாகரம் ரோட்டோரம் இறங்கி அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஆனாலும் என் மேஜையில் ஒரு சுறாப்பல் இருக்கிறது. சுண்டுவிரல் நக அளவு. வேர்ப்பகுதி உடைந்துவிட்டது, மேல்பாகம் மட்டும் தேன் காய்ந்த நிறத்தில், மழுங்காத பளபளப்புடன் நிற்கிறது. பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்து என்னோடு நாலு வருஷம் வேலை பார்த்த ஒரு வாத்தியார், மாற்றலாகிப் போகும்போது கொடுத்தது. காரை கிராமத்துக்கு வெளியே மழை அறுத்த ஓடை ஒன்றில் எடுத்ததாகச் சொன்னார். பிறகு ஒரு கோடை விடுமுறையில் அவரோடு அங்கே போனேன். புல் பூண்டில்லாத, மடிப்பு மடிப்பாக அரித்த களிமண் மேடுகள். வெயிலில் ஜிப்சம் துண்டுகள் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னின. பென்சில் துண்டு போல் சிதறிக் கிடந்த பெலம்னைட்டுகளை (கணவாய்க்குத் தூரத்து உறவான ஒரு பிராணியின் உள்ளெலும்பு) ஆடு மேய்க்கும் பையன்கள் மிதித்துக்கொண்டு போனார்கள். அந்த இடம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடி. அந்தக் கடலும் இன்று இருக்கும் அட்சரேகையில் இல்லை. மடகாஸ்கரை இன்னும் விடாத இந்தியா, பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே கிடந்த காலம் அது.

இந்தக் கடலை வெளியுலகம் அறிந்தது பற்கள் வழியாகவும்தான். புதுச்சேரிக்கு அருகே கேயும் கன்லிஃபும் சேகரித்த மீன் எச்சங்களை எகர்ட்டன் 1845-இல் லண்டனில் விவரித்தார். திருச்சி, அரியலூர்ப் பாறைகளைப் பற்றிய ஹென்றி பிளான்ஃபோர்டின் அறிக்கை 1862-இல் வந்தது. அவற்றின் கிளிஞ்சல்களையும் பிற உயிர்களையும் ஸ்டோலிச்கா 1873 வரையில் வால்யூம் வால்யூமாக எழுதித் தள்ளினார். இதே பிளான்ஃபோர்ட் 1875-இல், இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த ஒரு நிலம் கடலில் அமிழ்ந்தது என்று எழுதியவர்களில் ஒருவர். நம்மவர்கள் அவர் வரைந்த படத்தை விட்டுவிட்டு, அமிழ்ந்த நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நிலம் அமிழவில்லை, நகர்ந்தது என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் இங்கே அதன் மேல் நகரங்களும் சங்கங்களும் கட்டி முடித்தாயிற்று.

நிலம் நகர்ந்ததைச் சொல்லும் சாட்சியங்களில் சுறாப்பல்லை நான் சேர்க்கமாட்டேன். நிலத்தில் வாழும் பிராணிக்குக் கடல் ஒரு தடை. சுறாவுக்கு அதுதான் பாதை. டைகோடஸ் டெக்கரன்ஸ் என்ற, சிப்பிகளை நொறுக்கித் தின்ற சுறாவின் தட்டையான பற்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கிடைத்தவை. 2012-இல் இந்தியாவிலிருந்தும் அது விவரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய வருஷம் காரைப் பாறையிலிருந்து பெயரிடப்பட்ட இன்னொரு சுறாவோ தென்னிந்தியாவைத் தன் பெயரிலேயே சுமக்கிறது: ட்வார்டியஸ் சுட்இண்டிகஸ். ஒன்று உலகம் சுற்றியது, ஒன்று நம்மூர்ப் பெயருடன் நிற்கிறது. இவ்வளவும் பற்களை வைத்துத்தான். சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு. செத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். பற்களோ வாழ்நாள் முழுக்க விழுந்து முளைத்தபடி ஆயிரக்கணக்கில் கடலடியில் சேர்கின்றன. உடம்பு போய்விட்டது, கடித்தது மட்டும் மிஞ்சியது.

இங்கேதான் இந்தப் பல் என்னைத் தொடுகிறது. மனிதப் பல்லின் எனாமல், அபடைட் என்ற தாதுவின் ஒரு வகை. சுறாப் பல்லின் மேற்பூச்சும் அபடைட்தான். ஆனால் ஃப்ளூரின் ஏறியது, ஃப்ளூர்அபடைட். அதனால் அது நம் பல்லைவிடக் கெட்டி என்று சொல்லத் தோன்றும். 2012-இல் ஜெர்மனியில் சோதித்துப் பார்த்தார்கள். கடினத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஃப்ளூர்அபடைட் எளிதில் கரையாது, அவ்வளவே. அதே தாது எங்கள் பாறையிலும் இருக்கிறது. அபடைட், கறுப்பு அப்பிரகம், ஹார்ன்பிளெண்ட் - இவை சிதையச் சிதைய ஃப்ளூரைடு நிலத்தடி நீரில் இறங்குகிறது. மழை குறைந்த ஊர். கிணறு வற்றி, போர் போட்டு, அதையும் ஆழமாக்கி, பாறையோடு அதிக காலம் ஊறிய தண்ணீரை மேலே கொண்டுவந்தோம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்பது விதி. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த குழந்தையின் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் எனாமல் கெட்டிப்படாமல், நுண்துளை விழுந்து, சுண்ணாம்பு வெளுப்பாக முளைக்கிறது. பிறகு காவி ஏறுகிறது. சுறாவுக்கு இயல்பாயிருக்கும் ஃப்ளூரின் எங்களுக்குக் கறை. அமெரிக்காவில் 1945-இலிருந்து பல் சொத்தைக்கு மருந்தாக இதே சரக்கைக் குடிநீரில் கலந்தார்கள் என்று படித்தபோது சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தேன்.

எங்கள் வீட்டுப் புகைப்படங்களில் யாரும் பல் தெரியச் சிரித்ததில்லை. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாள், காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ண கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க" என்றாள். மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதாவது நேர்மையான காரியம். அக்கா சிரித்தாள். அவர்கள் மறுபடி வரவில்லை. அப்பா புகையிலை மேல் பழி போட்டார், அம்மா வேப்பங்குச்சியை விட்டுவிட்டதன் மேல் போட்டாள். பக்கத்து ஊரில் வேறு கிணற்றுத் தண்ணீர் குடித்த சித்தி மகளின் பல் வெளேரென்று இருந்தது. அதை அவளுடைய நல்ல குணத்தோடு சேர்த்துப் பேசினார்கள். காரணம் அப்போது உலகத்துக்குத் தெரியாததில்லை. மதராஸ் மாகாணத்தில், அன்றைய நெல்லூர்ப் பக்கத்து வியாதியாக, 1937-இலேயே எழுதியிருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு அது வந்து சேர நாற்பது வருஷத்துக்கும் மேல் ஆயிற்று.

பல்லோடு நின்றால் அழகுப் பிரச்சினை என்று தள்ளிவிடலாம். எலும்பிலும் அது இறங்குகிறது. மண்ணில் புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலிருந்து ஃப்ளூரினைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். எவ்வளவு உறிஞ்சியது என்று அளந்து, ஒரே இடத்தில் கிடந்த எலும்புகளில் எது பழையது, எது புதியது என்று பிரிக்கலாம். பில்ட்டவுன் மண்டையோட்டின் மேல் முதல் சந்தேகத்தை 1949-இல் ஓக்லி உறுதியாக்கியது இப்படித்தான். 1953-இல் அது மோசடி என்று அம்பலமாயிற்று. புதைந்த பின் எலும்பு நிதானமாகச் செய்கிற வேலையை எங்கள் பக்கத்துக் கிழவர்கள் உயிரோடு செய்தார்கள். என் பெரியப்பாவுக்குக் கடைசிப் பத்து வருஷம் கழுத்து திரும்பவில்லை. கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். வாதம் என்று தைலம் தேய்த்தோம்.

தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு பொருதிச் செத்தவன். பெயர் சொல்லி, வில்லோடும் வாளோடும் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கல்லின் உறவுக்கல் தண்ணீர் வழியாக உள்ளே புகுந்து கழுத்தைப் பூட்டியவனுக்கு யாரும் கல் நடவில்லை. நடுவதற்கு எந்தப் போரைக் காட்டுவது?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-இல் தொடங்கி 2013-இல் திறக்கப்பட்டது. ஆற்று நீர் பாறையோடு அதிகம் பழகாதது. நிரந்தர முன்பற்களின் எனாமல் முதல் மூன்று நான்கு வயதில் உள்ளே உருவாகி, ஆறேழு வயதுக்கு மேல் வெளியே வரும். ஆகவே திட்டத்துக்குப் பின் பிறந்தவர்களின் பல்லை 2020-க்குப் பிறகுதான் பார்க்க முடிந்தது. நான் ரிட்டயராகிவிட்டாலும் மாலையில் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கணக்கைவிட அவர்கள் வாயைத்தான் பார்க்கிறேன். போன வாரம் புதிதாக வந்த ஒரு பையனின் இரண்டு முன்பற்களிலும் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு. ஒன்றில் ஓரமாக மஞ்சள்.

"வீட்ல என்ன தண்ணிடா குடிக்கறீங்க?"

"குழாத் தண்ணி சார். அது வராதப்ப போர்த் தண்ணி."

"எத்தன நாளைக்கு ஒருக்கா வருது?"

பக்கத்திலிருந்தவளைப் பார்த்தான். அவள் விரல் விட்டு எண்ணினாள்.