சுவரில் இல்லாத ஒரு சொல்!

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் கூரையே இல்லாத ஒரு தேவாலயம் இருக்கிறது. சுற்றிலும் சிவப்பு மணற்கல் சுவர்கள், அவற்றில் கண்ணாடி இல்லாத ஜன்னல்கள், தலைக்கு மேலே வெறும் வானம். மேற்குக் கோடியில் கோபுரம் மட்டும் சுமார் 295 அடி உயரத்தில் கம்பீரமாக நிற்கிறது.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணியானால் இங்கே ஜெபம் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். எந்த ஊர், எந்தச் சபை என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் வேண்டுதல்களை வாசிக்க, சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொன்றின் முடிவிலும் அதே இரண்டு வார்த்தைகளைத் திருப்பிச் சொல்கிறார்கள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த இரண்டு வார்த்தைகள் பலிபீடத்துக்குப் பின்னால் உள்ள சுவரிலும் பொறிக்கப்பட்டிருக்கின்றன: 'பிதாவே, மன்னியும்.'

பைபிள் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். சிலுவையில் தொங்கிய இயேசு, தம்மைக் கொன்றவர்களுக்காக வேண்டிக்கொண்டபோது 'இவர்களை' என்று சுட்டிச் சொன்னாரே, அந்தச் சொல் எங்கே?

சுவரில் அது இல்லை. கல்லில் பொறித்தவர் மறந்து விட்டதல்ல, தெரிந்தே விடப்பட்டது. ஏன் என்று புரிந்துகொள்ள 1940ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துக்குப் போக வேண்டும்.

நிலா வெளிச்சத்தில் வந்த விமானங்கள்

கவென்ட்ரி ஒரு தொழிற்சாலை நகரம். முதலில் சைக்கிள், பிறகு கார், இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் விமான எஞ்சின்கள், ராணுவத் தளவாடங்கள் என்று இரவு பகலாக வேலை நடந்தது. பட்டறைகளும் தொழிலாளர் வீடுகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. குண்டு போடுகிறவர்கள் ஒன்றைக் குறிவைத்தால் மற்றதும் சேர்ந்து எரியும்.

1940 நவம்பர் 14, வியாழக்கிழமை. நிலா பளிச்சென்று காய்ந்த இரவு. ஏழு மணிக்கு மேல் ஜெர்மன் விமானங்கள் வரத் தொடங்கின. சுமார் 500 விமானங்கள் அலை அலையாக வந்து, மறுநாள் காலை ஆறு மணி வரை குண்டு வீசின. இந்தத் தாக்குதலுக்கு ஜெர்மன் படை வைத்திருந்த ரகசியப் பெயர் 'நிலவொளி சொனாட்டா'. பீத்தோவனின் புகழ்பெற்ற பியானோ இசைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் அது!

செயின்ட் மைக்கேல் பேராலயத்தின் கூரை மேல் அந்த இரவில் நான்கு பேர் இருந்தார்கள். பேராலயத்தின் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹோவர்ட், கொத்தனார் ஜாக் ஃபோர்ப்ஸ், கூடவே இரண்டு இளைஞர்கள். விழுந்த தீக்குண்டுகளை மணல் போட்டு அணைத்தும் கீழே தள்ளியும் போராடினார்கள். ஒன்றை அணைத்தால் இன்னொன்று விழுந்தது. தீயணைப்பு வண்டி வந்தும் பயனில்லை. குழாய்கள் உடைந்து தண்ணீர் நின்றுபோனது. எடுக்க முடிந்த சில புனிதப் பொருட்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சுமார் ஐந்நூறு ஆண்டுப் பழமையான தங்கள் கோயில் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விடிந்தபோது நகரத்தில் 4,000 வீடுகளுக்கு மேல் அழிந்திருந்தன. 550 பேருக்கு மேல் உயிரிழந்திருந்தார்கள். பலரை அடையாளம் காண முடியவில்லை. லண்டன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் நீளமாகக் குழி வெட்டி, அவர்களைச் சேர்த்தே அடக்கம் செய்தார்கள். ஜெர்மன் பிரச்சாரகர்கள் இந்த ஊரின் பெயரை வைத்துப் புதிதாக ஒரு வினைச்சொல்லே உண்டாக்கினார்கள். ஒரு நகரத்தைத் தரைமட்டமாக்குவது என்பது அதற்குப் பொருள்.

கருகிய உத்தரங்களும் மூன்று ஆணிகளும்

ஆலயத்தை மறுபடி கட்டுவோம் என்று மறுநாளே முடிவு செய்தார் ஹோவர்ட். அப்போது இடிபாடுகளுக்குள் சுற்றிவந்த கொத்தனார் ஃபோர்ப்ஸ் கண்ணில் ஒரு காட்சி பட்டது. கூரையைத் தாங்கியிருந்த இரண்டு உத்தரங்கள் கரிக்கட்டையாகி, ஒன்றன் மேல் ஒன்று சிலுவை வடிவில் விழுந்துகிடந்தன. அவற்றை அப்படியே சேர்த்துக் கட்டி நிறுத்தினார். சிதறிக்கிடந்த கற்களை அடுக்கி ஒரு பலிபீடமும் எழுப்பினார்.

ஆர்தர் வேல்ஸ் என்ற உள்ளூர்க் குருவானவர், சாம்பலில் கிடந்த பழங்காலக் கூரை ஆணிகள் மூன்றை எடுத்து இன்னொரு சிலுவை செய்தார். 'ஆணிச் சிலுவை' என்று பின்னாளில் உலகமெங்கும் அறியப்பட்டது அதுதான்.

ஆறு வாரம் கழித்து கிறிஸ்துமஸ் வந்தது. இடிந்த பேராலயத்திலிருந்து பிபிசி வானொலி நேரடி ஒலிபரப்பு செய்தது. நாடே கேட்டுக்கொண்டிருந்தது. பழிவாங்கும் எண்ணத்தை மனதிலிருந்து விரட்டப் பார்க்கிறோம், கடினம்தான், என்றாலும் முயல்கிறோம் என்ற பொருளில் பேசினார் ஹோவர்ட். போர் முடிந்த பிறகு அன்பான, எளிய ஓர் உலகத்தைக் கட்டுவோம் என்றார். குண்டு விழுவது அப்போது நின்றபாடில்லை. பிள்ளையைப் புதைத்த மண் ஈரம் காயாத வீடுகளும் அந்த ஊரில் இருந்தன.

யாரை மன்னிக்க?

துன்பம் வரும்போது மக்கள் கூடி ஜெபிப்பது புதிதல்ல. அதே 1940 மே 26 அன்று மன்னர் ஆறாம் ஜார்ஜ் அழைப்பின் பேரில் பிரிட்டன் முழுவதும் தேசிய ஜெப நாள் நடந்தது. டன்கர்க் கடற்கரையில் படைகள் சிக்கியிருந்த நேரம் அது. ஆலயங்கள் நிரம்பி வழிந்தன. 'எங்களைக் காப்பாற்று, எங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்' என்ற ஜெபம் எந்தத் தாய்க்கும் தானாக வரும்.

கவென்ட்ரி சுவரில் இருப்பது வேறு வகை ஜெபம். 'இவர்களை மன்னியும்' என்றால், தப்பு செய்தவர்கள் அந்தப் பக்கம், ஜெபிக்கிறவர்கள் இந்தப் பக்கம் என்றாகிவிடும். ஒரு சொல்லை எடுத்துவிட்டால் நடுவில் இருக்கும் கோடு அழிந்துபோகிறது. எல்லோரும் பாவம் செய்தவர்கள் என்ற ரோமர் நிருபத்தின் போதனைதான் இதற்கு அடிப்படை.

அப்படியானால் குண்டு போட்டவனும் அதில் செத்தவனும் ஒன்றா என்ற கோபம் நியாயமானது. இந்த ஜெபம் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. செய்த குற்றம் குற்றம்தான். ஆனால் ஜெபிக்க வந்து நிற்கிறவன் முதலில் தன் கணக்கைத் திறக்க வேண்டும் என்கிறது.

திறக்க வேண்டிய கணக்கும் இருந்தது. சுவரில் எழுத்துகள் பொறிக்கப்பட்டது 1948இல். அதற்குள் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் ஹம்பர்க்கையும் டிரெஸ்டனையும் எரித்திருந்தன. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் மட்டும் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளுக்குச் சுமார் 25,000 பேர் பலியானார்கள். கவென்ட்ரி ஜெபித்ததால் எதுவும் நின்றுவிடவில்லை. போர் தன் போக்கில் நடந்து முடிந்தது. ஜெபத்துக்கான வேலை அதன் பிறகுதான் ஆரம்பித்தது.

ஏழு வேண்டுதல்கள்

வெள்ளிக்கிழமை தோறும் சொல்லப்படும் ஒப்புரவு ஜெபமாலையை 1958இல் எழுதியவர் ஜோசப் பூல் என்ற குருவானவர். மரபாகச் சொல்லப்படும் ஏழு தலையாய பாவங்களை ஒட்டி ஏழு வேண்டுதல்கள். இனத்தை இனம் வெறுப்பது, அடுத்தவர் சொத்துக்கு ஆசைப்படுவது, மனித உழைப்பையும் பூமியையும் சுரண்டுவது, பிறர் நலம் கண்டு பொறாமைப்படுவது, அகதிகளையும் வீடற்றவர்களையும் கண்டும் காணாமல் போவது, உடல்களை இழிவுபடுத்துவது, கடவுளை மறந்து தன்னையே நம்பும் கர்வம்.

இதில் ஜெர்மனியின் பெயர் இல்லை, பிரிட்டனின் பெயரும் இல்லை. கேட்கிற ஒவ்வொருவரும் ஏதாவது ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு வேண்டுதலுக்கும் பதில் ஒன்றுதான்: பிதாவே, மன்னியும்.

எதிரி ஊருக்குப் போன ஆணிகள்

வாயால் சொன்னதோடு அவர்கள் நிற்கவில்லை. 1947இல் ஓர் ஆணிச் சிலுவை ஜெர்மனியின் துறைமுக நகரமான கீலுக்குப் போனது. அதுவும் குண்டுகளால் நொறுங்கிய ஊர். பிறகு பெர்லின், டிரெஸ்டன் என்று பட்டியல் நீண்டது. இன்று பல நாடுகளில் 200க்கும் மேற்பட்ட ஆலயங்களும் நிறுவனங்களும் ஆணிச் சிலுவைச் சமூகத்தில் சேர்ந்திருக்கின்றன.

1961இல் ஜெர்மன் இளைஞர்கள் கவென்ட்ரிக்கே வந்தார்கள். நாஜிக் கொடுமைகளுக்குப் பரிகாரமாக உடல் உழைப்பைத் தருவது என்று தீர்மானித்திருந்த ஓர் அமைப்பின் பிள்ளைகள் அவர்கள். எரிந்த பேராலயத்தின் பழைய அறைகளைச் சீரமைத்து, பல நாட்டு மக்கள் கூடும் மையமாக்கிக் கொடுத்தார்கள். நாலு வருடம் கழித்து, 1965இல், பிரிட்டிஷ் இளைஞர்கள் டிரெஸ்டனுக்குப் போனார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனிக்குள் நுழைவதே லேசில்லாத காலம் அது. தங்கள் நாட்டு விமானங்கள் நொறுக்கிய ஓர் ஆஸ்பத்திரியின் இடிபாடுகளை அள்ளி, கட்டட வேலைக்குக் கைகொடுத்தார்கள்.

டிரெஸ்டனின் மாதா ஆலயம் திரும்ப எழுப்பப்பட்டபோது, அதன் உச்சியில் வைக்கும் தங்கச் சிலுவை பிரிட்டனிலிருந்து அன்பளிப்பாகப் போனது. அதைச் செய்த லண்டன் பொற்கொல்லரின் தந்தை, டிரெஸ்டன் மீது குண்டு வீசப் பறந்த விமானிகளில் ஒருவர்!

பழையதும் புதியதும்

கவென்ட்ரியில் இடிந்த ஆலயத்தைப் பழையபடி கட்டவில்லை. பெரும்பகுதியை இடித்துவிட்டுப் புதுசாக எழுப்பவும் இல்லை. கட்டடக் கலைஞர் பேசில் ஸ்பென்ஸ் இடிபாட்டை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே புதிய பேராலயத்தைக் கட்டினார். 1956இல் ராணி எலிசபெத் அடிக்கல் நாட்ட, 1962 மே 25 அன்று அர்ச்சிக்கப்பட்டது.

இரண்டுக்கும் நடுவே தேவதூதர்களும் புனிதர்களும் செதுக்கப்பட்ட பிரம்மாண்டமான கண்ணாடிச் சுவர். புதிய ஆலயத்துக்குள் நின்று திரும்பிப் பார்த்தால் அந்தத் தேவதூதர்களின் ஊடே பழைய இடிபாடு தெரியும். உள்ளே பலிபீடத்துக்குப் பின்னால், கிரஹாம் சதர்லேண்ட் வரைந்து பிரான்சில் நெய்யப்பட்ட கிறிஸ்துவின் திரைச்சீலை சுமார் 23 மீட்டர் உயரத்துக்குத் தொங்குகிறது. ஞானஸ்நானத் தொட்டியாக இருப்பது பெத்லகேமிலிருந்து கொண்டுவந்த ஒரு பாறை. அதன் பின்னே ஜான் பைப்பரின் வண்ணக் கண்ணாடி ஜன்னல், காலை வெயிலில் தீயும் தங்கமுமாக ஜொலிக்கும்.

இத்தனை அழகையும் பார்த்துவிட்டு மறுபடி வெளியே வந்தால் கூரையில்லாத அந்த முற்றம். ஃபோர்ப்ஸ் கட்டிய அசல் கருகிய சிலுவையைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டு, இங்கே அதன் மாதிரியை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஆணும் பெண்ணும் மண்டியிட்டுத் தழுவிக்கொள்ளும் வெண்கலச் சிலை. அதே சிலையின் இன்னொரு வார்ப்பு ஹிரோஷிமாவில் இருக்கிறது.

போகிறவர்களுக்கு

லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து வேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். கவென்ட்ரி ஸ்டேஷனில் இறங்கி, கோபுரத்தை அடையாளம் வைத்து நடந்தே போய்விடலாம். குளிர்காலமானால் கனமான கோட்டும் குடையும் அவசியம், ஜெபிக்கும் இடத்தில் கூரை இல்லை என்பது நினைவிருக்கட்டும்.

முடிந்தால் வெள்ளிக்கிழமை, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்பாகவே போய்விடுவது நல்லது. அன்று அங்கே சொல்லப்படும் அதே ஜெபத்தை, ஒரு காலத்தில் எதிரி நாடாக இருந்த ஜெர்மனியின் ஆலயங்களிலும் வெள்ளிக்கிழமை நண்பகலில் சொல்கிறார்கள். அங்கேயும் அந்த 'இவர்களை' இல்லை.