சொம்பு மூழ்கும் சத்தம்

இரவு பதினொரு மணிக்கு மேல், தெருவின் ஆரவாரம் ஓய்ந்து வீட்டு விளக்குகள் யாவும் அணைந்தபின், எங்கள் படுக்கையறை ஏ.சி.யிலிருந்து அந்தச் சத்தம் எழத் தொடங்கும். "களுக்... களுக்..." என்று நாலைந்து விநாடிக்கு ஒரு முறை கேட்கும். சென்ற கத்திரி வெயிலின்போது சென்னையில் பத்து இரவுகள் அதைக் கேட்டபடி விழித்திருந்த எனக்கு, அதன் பிறப்பிடத்தை அறியாமல் மனம் அடங்குவதாக இல்லை. ஏனெனில் அந்த அறையில்தான் எண்பது வயதைக் கடந்த என் தாயார் உறங்குகிறார், அவருடைய நித்திரை ஒருமுறை கலைந்தால் விடியும்வரை திரும்பாது.

பார்க்க வந்த மெக்கானிக், "கேஸ் குறைஞ்சிருக்கும் சார், போட்டுடலாம்" என்றார். ஆனால் ஏ.சி.க்குள் இருக்கும் கேஸ், அடுப்பில் எரிந்து தீரும் கேஸைப் போன்ற வஸ்து அன்று; மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது; எங்கேனும் கசிந்தாலன்றிக் குறையாது, குறைந்தால் குளிர்ச்சியும் குன்றும். எங்கள் அறையின் குளிர்ச்சியிலோ யாதொரு குறைவும் இல்லை. ஆகவே அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, முதலில் அந்த இயந்திரத்தின் பாஷையைக் கற்றுக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

கற்கக் கற்க, ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு குரல் உண்டு என்பது விளங்கிற்று. குளிரில் சுருங்கி, நிறுத்தியபின் விரியும் பிளாஸ்டிக் உறை 'சடக்'கென்று நெரியும்; அதில் தோஷம் இல்லை. குறுகிய துவாரத்தின் வழியே கேஸ் பாயும்போது 'உஸ்' என்ற மெல்லிய சீறல் கேட்கும், அதுவும் இயல்பே. உள்ளே சுழலும் ப்ளோயரின் புஷ் தேய்ந்தால் கிறீச்சென்னும். வெளியே நிற்கும் யூனிட்டின் ரப்பர் கட்டைகள் நைந்தால் சுவரே அதிரும். கெப்பாஸிட்டர் தளர்ந்தாலோ, கம்ப்ரஸர் புறப்பட முயன்று, முனகி, 'டக்'கென்று அடங்கும். எங்கள் வீட்டுச் சத்தம் இவற்றுள் எதனோடும் பொருந்தவில்லை.

மூன்றாம் இரவு, சந்தேகத்தை அடியோடு தீர்த்துக்கொள்ள எண்ணி, ஏ.சி.யையே நிறுத்திவிட்டு இருளில் காத்திருந்தேன். ப்ளோயர் ஓய்ந்தது, கம்ப்ரஸர் ஓய்ந்தது, "களுக்" மட்டும் ஓயவில்லை. நின்றுபோன இயந்திரம் எப்படி ஒலிக்கும் என்று நான் திகைத்திருக்கையில், கட்டிலில் விழித்துக் கிடந்த என் தாயார் சொன்னார்: "அண்டாத் தண்ணியில சொம்ப அமுக்கினா வருமே, அந்தச் சத்தம்டா இது."

அந்த ஒரு வாக்கியத்தில் விடையின் பெரும்பகுதி அடங்கியிருந்தது. சொம்பு மூழ்குகையில் ஒலிப்பது பித்தளை அன்று. நீரைப் பிளந்துகொண்டு வெளிவரும் காற்று. அப்படியானால் இங்கே நீர் எது, காற்று எது?

நீரைக் கண்டுபிடிப்பது எளிது. 1902-ஆம் ஆண்டில் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் காரியர் என்னும் பொறியாளர் தம் சாதனத்தை வகுத்தபோது, காகிதம் ஈரத்தால் விரிந்து வர்ணங்கள் இடம் மாறிப் பதிவதைத் தடுக்கவே காற்றின் ஈரத்தை அகற்றினார். ஆகவே நீரைப் பிரித்தெடுப்பது இந்த இயந்திரத்தின் ஆதிகாரியம். கடற்கரை நகரமான சென்னையின் ஈரக்காற்றிலிருந்து பிரியும் நீர், தட்டில் விழுந்து, டிரெயின் பைப் வழியே பால்கனிக்கு இறங்குகிறது. எங்கள் பைப் நடுவில் தொய்ந்து வளைந்திருந்தது. அந்த வளைவில் ஒரு கை நீர் எப்போதும் தேங்கி நின்றது.

காற்றுக்குக் காரணமோ, பழகிப்போனதால் எங்கள் காதில் விழாத ஓர் ஓசையில் ஒளிந்திருந்தது. இரவில் குளித்து வரும் என் மனைவி, ஈரம் உலரட்டும் என்று குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை விடியும்வரை ஓடவிடுவது வழக்கம். அதை நிறுத்தினேன், சத்தம் நின்றது. மீண்டும் போட்டேன், அரை நிமிஷத்தில் "களுக்" என்றது.

நிரூபணத்தைக் கண்ணாலும் காண விரும்பி, காற்று அசையாத வைகறையில் பால்கனிக்குச் சென்று, பைப்பின் வாயருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்தேன். மேலே சுருண்டு எழவேண்டிய புகை, இழையாக வளைந்து, நீர் வெளிவரவேண்டிய அந்த வாய்க்குள்ளேயே நுழைந்து மறைந்தது. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சென்ற ஆண்டுவரை எங்கள் வீட்டில் இருந்தவை பழைய மரச் சன்னல்கள். அவற்றின் இடுக்குகள் வழியே வீடு சுவாசித்தது. புழுதி வருகிறதென்று அவற்றை அகற்றி, ரப்பர் விளிம்பிட்ட புதிய சன்னல்களைப் பொருத்தினோம். ஃபேன் வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரவேண்டிய காற்று, வேறு வழியின்றி டிரெயின் பைப்பைப் பற்றிக்கொண்டு, தேங்கிய நீரைத் துளைத்து வந்தது. இயந்திரத்தின்மீது நாங்கள் சுமத்திய குற்றம், உண்மையில் மூச்சுக்குத் தவித்த வீட்டின் முறையீடே ஆகும்.

பைப்பின் தொய்வைச் சரிசெய்தோம். இப்போது ஃபேனைப் போடுமுன் என் மனைவி சன்னலை ஒரு விரற்கடை திறந்துவைக்கிறாள். அவ்விடைவெளியில் திரைச்சீலை மெல்ல உட்புறமாகப் புடைக்கிறது. அதன் அருகே என் தாயார் உறங்குகிறார்.